பதினோராவது பெயர்

அரியாங்குப்பத்தில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருஷம் சேவை செய்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். இவரைப் போன்றவர்களைப் புதுச்சேரிப் பக்கத்தில் 'சொல்தா' என்போம். கால்பந்து ஆட்டம் எதுவானாலும், ஆரம்பிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால், பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்புறத்தில் தம்முடைய பதினொரு பேரை எழுதிவிடுவார். அதற்குப் பிறகுதான் தொலைக்காட்சிப் பெட்டியைப் போட அனுமதி. உண்மையான பட்டியல் வந்ததும் இரண்டையும் ஒத்துப் பார்த்து, பயிற்சியாளர் எத்தனை இடத்தில் 'தப்பு' செய்திருக்கிறார் என்று கணக்கெடுப்பார்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி இரவு, கோவாவில் இந்தியாவும் சிங்கப்பூரும் மோதின. 2027-இல் ஸவூதி அரேபியாவில் நடக்க வேண்டிய ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. அன்று நான் போனபோது அவருடைய தாளில் பத்துப் பெயர்கள்தான் இருந்தன.

"பதினொண்ணாவது ஆள் எங்கே ஐயா?" என்றேன்.

"அவனைத்தான் தம்பி ரெண்டு வருஷமாத் தேடிக்கிட்டிருக்கேன்" என்றார்.

காலியாக இருந்தது முன்னணியில் நடுவே நின்று கோல் போடுகிறவனுடைய இடம். அன்று இந்தியாவின் ஒரே கோலை, பக்கவாட்டில் ஓடி ஆடும் மிஸோரம் இளைஞர் சாங்டே போட்டார். சிங்கப்பூர் இரண்டு போட்டது. கோப்பைக்குப் போகும் வழி அத்துடன் அடைபட்டது.

தோற்ற மறுநாள் பட்டியலைக் குறை சொல்வது சுலபம். நானும் சொல்லப் போகிறேன். ஆனால் எதைக் குறை சொல்கிறோம் என்று தெரிந்து சொல்வது நல்லது. 2026 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில், 2023 நவம்பர் முதல் 2024 ஜூன் வரை, இந்தியா ஆறு ஆட்டம் ஆடியது. போட்ட கோல்கள் மூன்று. அதில் ஒன்று பெனால்டி. ஆசியக் கோப்பைக்கான சுற்றில், மேற்சொன்ன கோவா ஆட்டத்தையும் சேர்த்து நாலு ஆட்டம், இரண்டு கோல். ஆகப் பத்து ஆட்டத்துக்கு ஐந்து கோல். இடையில் மூன்று பயிற்சியாளர்கள் மாறினார்கள்: குரோஷியாவின் ஸ்டிமாச், ஸ்பெயின் தேசத்து மார்க்கேஸ், பிறகு நம் காலித் ஜமீல். மூவருடைய பட்டியலிலும் அந்த ஓர் இடம்தான் தகராறு.

இதில் ஸ்டிமாச்சின் கதை வினோதமானது. 2022 ஜூனில் கல்கத்தாவில் ஆப்கானிஸ்தானுடன் தகுதி ஆட்டம். அதற்கு இரண்டு நாள் முன்பு அவர் ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒரு ஜோசியருக்கு அனுப்பி, யாருக்கு நாள் நன்றாயிருக்கிறது, யாருக்கு இல்லை என்று கேட்டு வாங்கினார் என்று 2023 செப்டம்பரில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' பத்திரிகை எழுதியது. நாள் சரியில்லை என்று ஜோசியர் சொன்ன இருவர் அன்று முதல் பதினொன்றில் இல்லை என்றும் அந்தச் செய்தி சொல்லிற்று. இந்தியா அந்த ஆட்டத்தில் 2-1 என்று ஜயித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜோசியருடைய அதிர்ஷ்டம்!

நம் ஊரில் கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் ஜோசியம் பார்க்கிறோம். ஆகையால் இதைக் கேட்டுச் சிரிக்க நமக்கு அவ்வளவு உரிமை இல்லை. எனக்கு உறுத்தியது வேறு. பதினொரு பேரைப் பொறுக்குகிறவனுக்கு உள்ள ஒரே சொத்து அவனுடைய கண். இவன் இன்று ஆடுவான், இவன் தளர்ந்துவிடுவான் என்று ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டியது அவன் வேலை. நாவல் எழுதுகிறவன் தன் கதாநாயகன் என்ன செய்வான் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதினால் எப்படியிருக்கும்? நன்றாகக்கூட வந்துவிடலாம். ஆனாலும் அவன் எழுதியது ஆகாது.

கண் என்றால் என்ன என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்தியக் கோஷ்டியின் பயிற்சியாளர் ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. அடுத்து, பின்னணியில் மலைபோல் நிற்கிற ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜுக்குக் காய்ச்சல். வேறு யாராயிருந்தாலும் இருவரையும் ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பார்கள்.

ரஹீம் என்ன செய்தார்? அரையிறுதியில் தலைக்கட்டோடு ஜர்னைல் சிங்கைக் கொண்டுபோய் முன்னணியில் நிறுத்தினார். பந்தைத் தடுத்தே பழகியவனைப் பந்தை உள்ளே தள்ளச் சொன்னார். தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல் போட்டார். செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதி ஆட்டம், மறுபடியும் அதே கொரியா. அதுவரை கோல் காத்து வந்த பிரத்யுத் பர்மன் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் கொரியர்கள் பந்தை உயர அடித்து ஆடுகிறவர்கள். தங்கராஜோ ஆறடிக்கு மேல் நெடிய மனிதர், மதராஸ் ரெஜிமெண்டில் பந்து பழகியவர். காய்ச்சல் விட்டு எழுந்தவரை ரஹீம் இறக்கினார். பி. கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. 2-1, தங்கப் பதக்கம். சில மாதங்களில், 1963 ஜூனில், ரஹீம் புற்றுநோயால் காலமானார்.

இதில் வீரம் ஆட்டக்காரர்களுடையது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தோற்றிருந்தால்? நன்றாக ஆடிய கோல்கீப்பரை ஏன் எடுத்தாய், தலை உடைந்தவனை ஏன் முன்னால் நிறுத்தினாய் என்று ரஹீம் ஒருவரைத்தான் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும் என்று துணிந்துதான் அவர் பட்டியல் எழுதினார்.

இங்கேதான் எனக்கும் சொல்தாப் பெரியவருக்கும் வழக்கு. 2024 ஜூனில், 151 ஆட்டங்களில் 94 கோல் போட்டுவிட்டு, சுனில் சேத்ரி ஓய்வு பெற்றார். அடுத்த மார்ச்சில், நாற்பது வயதில், மார்க்கேஸ் அவரை மறுபடியும் அழைத்து வந்தார். "இது ரஹீம் பண்ணின மாதிரியா? பயந்து பண்ணினது. தோத்தாலும் ஒரு இருபது வயசுப் பையனை வச்சுத் தோத்திருக்கலாம்" என்கிறார் பெரியவர். நான் ஒப்பவில்லை. அந்த வருஷம் ஐ.எஸ்.எல். போட்டியில் 14 கோல் போட்டு, இந்தியர்களில் முதல்வராக நின்றவர் சேத்ரி. தகுதி வயதில் இல்லை, காலில் இருக்கிறது என்றால் அவரை எப்படி விடுவது? என் குறை வேறு. வங்காள தேசத்துடன் அவரை முன்னால் நிறுத்தி 0-0. உடனே நம்பிக்கை போய், ஜூனில் ஹாங்காங்குடன் ஆடும்போது அவரை ஆரம்பத்தில் வெளியே உட்கார வைத்தார் மார்க்கேஸ். கடைசி நிமிஷப் பெனால்டியில் 0-1. ஓய்விலிருந்து எழுப்பி வந்த மனிதரை முக்கியமான நாளில் பெஞ்சில் வைப்பதானால் எழுப்பியிருக்கவே வேண்டாம். இரண்டில் எந்த முடிவும் சரியாக இருந்திருக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ததுதான் சரியில்லை.

பெரியவர் இதற்கு ழாக்கேயை இழுப்பார். பிரான்ஸ் தேசத்துப் பயிற்சியாளர் எமே ழாக்கே, கந்தொனா, ழினோலா போன்ற பெரிய பெயர்களை ஒதுக்கிவிட்டார் என்று அங்கே 'லெக்கிப்' பத்திரிகை அவரைக் கிழித்தது. அவர் அசையவில்லை, 1998-இல் உலகக் கோப்பையை ஜயித்தார். அரையிறுதியில் அவர்களிடம் தோற்ற குரோஷியாவில் நம் ஸ்டிமாச்சும் ஒருவர். பிரான்ஸுக்கு அன்று இரண்டு கோலும் போட்டவர் பின்னணி ஆட்டக்காரரான துய்ராம்.

அதெல்லாம் வாஸ்தவம். ஆனால் ழாக்கே ஒருவரை ஒதுக்கினால் அந்த இடத்துக்கு நாலு பேர் வரிசையில் நின்றார்கள். நம்மிடம் யார் நின்றார்கள்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! ஐ.எஸ்.எல். கோஷ்டிகள் ஒரே சமயத்தில் நாலு வெளிநாட்டார் வரை களத்தில் இறக்கலாம். அந்த நாலில் ஓர் ஆள் பெரும்பாலும் கோல் போடுகிற இடத்துக்குத்தான். பணம் போடுகிறவன் கோலை வேறு யாரிடம் ஒப்படைப்பான்? நம் பையன்களுக்குப் பக்கவாட்டில் இடம், பின்னால் இடம். நடு முன்னால் இல்லை. வருஷம் முழுவதும் ஆடாத இடத்தில், தகுதி ஆட்டத்தன்று தொண்ணூறு நிமிஷம் ஆடு என்றால் அவன் எங்கே போவான்? தேசியப் பயிற்சியாளர் தாளை எடுக்கும் முன்பே அந்த ஒரு பெயரைக் கோஷ்டிகள் அடித்துவிடுகின்றன. ஆகையால் ஸ்டிமாச்சையோ ஜமீலையோ மட்டும் நிற்க வைத்துக் கேட்பது பாதி நியாயம்தான்.

கோவாவில் தோற்று ஒரு மாதம் கழித்து, நவம்பரில், டாக்காவில் ஆட்டம். பயனில்லாத ஆட்டம், அதிலும் தோற்றோம். ஆனால் அதற்கு முன் ஒரு செய்தி வந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயன் வில்லியம்ஸ் என்கிற முன்னணி ஆட்டக்காரர், தாய் வழியில் பம்பாய்க்காரர், அந்த நாட்டுக் குடியுரிமையை விட்டுக் கொடுத்து இந்தியர் ஆகியிருக்கிறார் என்று. காகிதம் வந்து சேராததால் டாக்காவில் அவரால் ஆட முடியவில்லை.

இதைப் படித்துக் காட்டியபோது பெரியவர் வெகு நேரம் பேசவில்லை. 1962 ஆகஸ்டு 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. ஜகார்த்தா வெற்றிக்குப் பத்தொன்பது நாள் முன்பு. பிரெஞ்சுக் குடிகளாகவே இருக்க விரும்பியவர்களுக்கு ஆறு மாதத் தவணை. அவருடைய தகப்பனார் கையெழுத்துப் போட்டார். மைனர் பையனும் அதில் சேர்ந்தான். அவர் நன்றாகப் பந்தாடுவார் என்று ஊரில் இன்றும் சொல்கிறவர்கள் உண்டு.

பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, காலண்டர் தாளை எடுத்தார்.

"பையன் உயரம் எவ்வளவு தம்பி? தலையால அடிப்பானா?" என்று கேட்டார்.