மிக்கி எலியின் விலையும் லயத்துப் பிள்ளையின் பொம்மையும்

கேமரன் மலையின் பிரிஞ்சாங் பகுதியில் 2007ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'டைம் டனல்' என்னும் நினைவுப்பொருள் காட்சிக்கூடம், பழைய காப்பிக்கடை, முடிதிருத்தகம் ஆகியவற்றின் மாதிரிகளோடு விளையாட்டுப் பொருள்களையும் காட்சிக்கு வைத்தது. பழம்பொருள் சேகரிப்பு தனிமனிதர் விருப்பம் என்னும் நிலையைக் கடந்து பொதுமக்கள் காணும் காட்சியாக வளர்ந்தமைக்கு இஃது ஒரு சான்று. அவ்வளர்ச்சியை வரவேற்கும் நாம், சேகரிப்புத் துறையில் பொதுவாக வழங்கும் மதிப்பீட்டு முறையைச் சற்று ஐயத்தோடு நோக்குதல் வேண்டும். கார்ட்டூன் பாத்திரப் பொம்மைகள் அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு.

சேகரிப்பாளரிடம் நாம் கற்கத்தக்கது மிகுதி. மிக்கி எலி 1928இல் திரைக்கு வந்தது. அதன் உருவப் பொம்மையில் 'வால்ட் டிஸ்னி என்டர்பிரைசஸ்' எனப் பொறித்திருப்பின் அது பெரும்பாலும் 1930களைச் சார்ந்தது; 'வால்ட் டிஸ்னி புரொடக்சன்ஸ்' எனின் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது; 1986இல் நிறுவனத்தின் பெயர் மீண்டும் மாறிற்று. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்யப்பட்டது' என்னும் முத்திரை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொடங்கி 1952இல் முடிந்த நேச நாடுகளின் ஆக்கிரமிப்புக் காலத்தைக் காட்டும். வண்ணம் அச்சிட்ட தகரம், செல்லுலாய்டு, பின்வந்த நெகிழி என மூலப்பொருளும் காலம் சொல்லும். எழுத்தமைதி கொண்டு கல்வெட்டின் காலத்தைக் கணிக்கப் பழகிய நம் மாணவர்க்கு இம்முறை அயலானதன்று.

எனினும், காலம் கணித்தபின் விலை கணிக்கும்போது அளவுகோல் மாறிவிடுகிறது. வண்ணம் உதிராமை, சாவி கொடுத்தால் இயங்குதல், மூலப் பெட்டி உடனிருத்தல் ஆகியனவே விலையை உயர்த்துவன. குழந்தையின் கை படாத பொம்மையே முதன்மை பெறுகிறது. (பெட்டி சில வேளைகளில் பொம்மையினும் அரியதாவதில் வியப்பில்லை, பிள்ளைகள் அதனை முதல் நாளே கிழித்துவிடுவர்.) வணிகர் இவ்வாறு மதிப்பிடுவதில் நமக்கு மறுப்பில்லை. காட்சிக்கூடமும் அதனையே பின்பற்றுமாயின் இழப்பு பெரிது.

1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். இம்மலையின் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகளாக உழைத்தனர். லயத்து வீட்டுக்கு ஒரு பொம்மை வந்திருந்தால் அது பெட்டிக்குள் உறங்கியிராது. அண்ணனிடமிருந்து தங்கைக்குச் சென்று, காது உடைந்து, கம்பியால் கட்டப்பட்டு, வீட்டில் எஞ்சிய வண்ணம் பூசப்பட்டுக் கடைக்குட்டியின் கைக்கு வந்திருக்கும். சேகரிப்பாளர் அதனைக் கழித்துவிடுவர். நமக்கோ அந்தக் கம்பியே ஆவணம். அதனைக் கட்டிய கை எது, வாங்கிய பணம் எத்தனை நாள் கூலி என்னும் வினாக்கள் அதிலிருந்தே எழுகின்றன. பிள்ளைத்தமிழ் சிறுதேருக்கென ஒரு பருவத்தையே வகுத்தது. ஆங்கும் தேர் அதனை உருட்டும் பிள்ளையோடு சேர்த்தே பாடப்பெற்றது.

இன்று தேயிலைத் தோட்டங்களில் அயல்நாட்டுத் தொழிலாளரே மிகுதி. தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. வீடு காலிசெய்யும் நாளில் குப்பைக்குச் செல்வது உடைந்த பொம்மையே. ஆகவே, காட்சிப்பொருளின் குறிப்பட்டையில் உற்பத்தி ஆண்டோடு, எந்தத் தோட்டம், யார் விளையாடியது, யார் பழுது பார்த்தது என்பனவும் இடம்பெற வேண்டும். இவற்றைத் திரட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே தக்கவர். எந்தத் தீபாவளிக்கு வாங்கியது என்று கேட்டால் விடை சொல்லக்கூடிய பாட்டிமார் இன்னும் அவர்தம் மாணவர் வீடுகளில் உள்ளனர்.