வண்ணத்துப்பூச்சிக் கதையின் கடைசி வரி

நம் மாதிரிக் கட்டுரைகளில் ஒரு வண்ணத்துப்பூச்சி நெடுநாளாகப் பறந்துகொண்டிருக்கிறது. சீன ஞானி சுவாங்சு கனவில் வண்ணத்துப்பூச்சியானார். விழித்ததும், பூச்சியைக் கனவு கண்டது தானா, தன்னைக் கனவு காண்பது பூச்சியா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆகவே வாழ்க்கை மாயை. நானும் ஐந்தாறு ஆண்டு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். முன்னுரைக்கு நல்ல எடுப்பு என்று வெண்பலகையில் எழுதியும் போட்டேன்.

சென்ற ஆண்டு படிவம் நான்கில் ஒரு பையன். தொடக்கக் கல்வியைச் சீனப்பள்ளியில் முடித்தவன். வகுப்பு முடிந்ததும் வந்து, "டீச்சர், அந்தக் கதைல இன்னும் இருக்கு. நீங்க முன்னாடியே நிறுத்திட்டீங்க," என்றான். எனக்குச் சீனம் படிக்கத் தெரியாது. அன்றிரவே பர்ட்டன் வாட்சனின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்தேன். பையன் சொன்னது சரிதான்.

குழப்பத்தோடு அந்தப் பகுதி முடியவில்லை. சுவாங்சுவுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் வேறுபாடு இருந்தே ஆக வேண்டும் என்றும், இதற்குப் பெயர்தான் பொருள்களின் உருமாற்றம் என்றும் சொல்லி முடிகிறது. அதாவது, இரண்டும் பொய் என்று அவர் சொல்லவில்லை. பூச்சியாக இருந்தபோது அது முழுசாகப் பூச்சி; விழித்தபோது இவர் முழுசாக மனிதர். ஒன்று இன்னொன்றாக மாறுகிறது, அவ்வளவுதான். மாயை என்பது நம் வீட்டுச் சரக்கு. கடைசி வரியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் நம் சரக்கை இறக்கி வைத்துவிட்டோம்.

இதே வெட்டு வேறொரு கதையிலும் நடக்கிறது. மனைவி இறந்ததும் சுவாங்சு காலை நீட்டி உட்கார்ந்து, பாத்திரத்தில் தாளம் தட்டிப் பாடினார் என்பதைப் பற்றற்ற நிலைக்குச் சான்றாகக் காட்டுவோம். துக்கம் கேட்க வந்த நண்பர் ஹுயி ஷி கண்டித்தபோது அவர் சொன்ன பதிலின் தொடக்கத்தை யாரும் எழுதுவதில்லை. அவள் இறந்த கணத்தில் தனக்கும் துக்கம் வராமல் இருக்குமா என்றுதான் அவர் தொடங்குகிறார். பிறப்பும் இறப்பும் பருவங்கள்போல மாறி வருவன என்ற எண்ணமும் பாட்டும் அதற்குப் பிறகு வந்தவை.

பிற்காலத்தில் அந்த ஹுயி ஷியின் கல்லறை வழியாகப் போகும்போது சுவாங்சு உடன் வந்தவர்களுக்கு ஒரு கதை சொல்கிறார். ஒருவன் மூக்கு நுனியில் ஈயின் சிறகளவு சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டால், ஷி என்னும் தச்சன் கோடரியைச் சுழற்றி அதை மட்டும் சீவி எடுப்பானாம். மூக்குக்காரன் அசையாமல் நிற்பானாம். அதைத் தனக்கும் செய்துகாட்டச் சொல்லி அரசன் கேட்டான். முன்பு முடிந்தது, ஆனால் எதிரே நின்றவன் இறந்து நாளாயிற்று என்றான் தச்சன். ஹுயி ஷி போன பிறகு தனக்கும் பேச ஆளில்லை என்கிறார் சுவாங்சு. வாழ்நாளெல்லாம் தன்னோடு வாதாடிய தர்க்கவாதியை நினைத்துத்தான் இந்த ஏக்கம். எல்லாம் மாயை என்றவர் பேசுகிற பேச்சா இது?

தேர்வெழுதும் மாணவர்கள் கவனிக்க: 'சுவாங்சு கூறினார்' என்று எழுதும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவர் கி.மு. 4ஆம் நூற்றாண்டுக்காரர். அவர் பெயரில் உள்ள நூலுக்கு ஹான் காலப் பட்டியலில் 52 இயல்கள். கி.பி. 312இல் மறைந்த உரையாசிரியர் குவோ சியாங்கின் பதிப்பாக இன்று நம் கையில் இருப்பவை 33. முதல் ஏழு இயல்களைத்தான் பொதுவாக அவருடையவை என்பார்கள். வண்ணத்துப்பூச்சி இரண்டாம் இயலில் வருகிறது. நான் சொன்ன மற்ற இரண்டும் பிந்திய இயல்களில் உள்ளவை. சீடர் மரபில் வந்தவையாக இருக்கலாம்.

அவருடைய செல்வாக்கின் வரலாறும் பாதிக்குமேல் இப்படி வெட்டி எடுத்துக்கொண்ட வரலாறுதான். அரசவைப் பதவிக்கு அழைத்தபோது, சேற்றில் வாலை இழுத்துக்கொண்டு திரியும் ஆமையாகவே இருந்துவிடுகிறேன் என்று மறுத்தவராக அந்த நூல் அவரைக் காட்டுகிறது. அவருக்கே 742இல் தாங் பேரரசர் சுவான்சோங் 'நான்ஹுவாவின் மெய்மனிதர்' என்று பட்டம் கட்டினார். கேட்க ஆள் இல்லாதபோது கொடுத்துவிட்டார்கள்! சான் பௌத்தம், அதாவது ஜப்பானில் ஜென், அவருடைய குறும்பான பேச்சை எடுத்துக்கொண்டது. 1890இல் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றுக்கு மதிப்புரை எழுதிய ஆஸ்கர் வைல்டுக்கு, எதுவும் செய்யாமல் இருப்பதைப் பற்றிய பேச்சு ரொம்பப் பிடித்துப்போனது.

சீன மொழியிலேயே ஒரு கதை தலைகீழானது. குரங்கு வளர்ப்பவன் காலையில் மூன்று, மாலையில் நான்கு கொட்டை தருவதாகச் சொன்னான், குரங்குகளுக்குக் கோபம். காலையில் நான்கு, மாலையில் மூன்று என்றான், மகிழ்ச்சி. மொத்தம் மாறவில்லை. எதிரில் இருப்பவர் மனநிலைக்கு ஏற்ப வளைந்துகொடுப்பதன் அறிவை நூல் அங்கே பேசுகிறது. இன்றைய சீன மரபுத்தொடரில் 'காலை மூன்று மாலை நான்கு' என்றால் அடிக்கடி மனம் மாறுகிறவன். இந்தப் பொருளைச் சொல்லிக் கொடுத்ததும் அதே பையன்தான்.

இந்த ஆண்டு குரங்குக் கதையை விளக்கம் சொல்லாமல் வகுப்பில் வாசித்துவிட்டு நிறுத்தினேன். பாதிப் பேர் குரங்குகளை முட்டாள் என்றார்கள். பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "காலைலதான டீச்சர் பசி அதிகம்? அதுங்க கேட்டது நியாயம்தான்," என்றாள். அவளை அதையே கட்டுரையாக எழுதச் சொல்லியிருக்கிறேன்.