திருடப்பட்டது எது? - ‘தி கிரேட் ஹாக்’ ஆவணப்படம் குறித்து ஒரு திறனாய்வு

தேர்தல் காலத்தில் நம் வீட்டு வாயிலில் வந்து விழும் துண்டறிக்கை, அடுத்த வீட்டு வாயிலிலும் விழுகின்றது. அதிலுள்ள வாக்குறுதியை அடுத்த வீட்டாரோடு சேர்ந்து ஆராயலாம். பொய்யெனில் பலர் முன்னிலையில் மறுக்கலாம். ஆனால் கைப்பேசித் திரையில் ஒருவருக்கென்றே தெரிந்தெடுத்துக் காட்டப்படும் அரசியல் விளம்பரத்தை அருகில் இருப்பவர் காண்பதில்லை. காணாத ஒன்றை மறுப்பது எங்ஙனம்? சமூக ஊடகங்கள் தேர்தல் பரப்புரையில் விளைவித்த மாற்றங்களுள் தலையாயது இதுவே எனலாம். ஜெஹான் நுஜைம், கரீம் ஆமெர் ஆகிய இருவரும் இயக்கி, 2019 ஜூலையில் நெட்பிளிக்ஸ் வாயிலாக வெளிவந்த ‘தி கிரேட் ஹாக்’ என்னும் ஆவணப்படம் இம்மாற்றத்தையே பொருளாகக் கொண்டது.

வெளிவந்து சில ஆண்டுகள் கழிந்த ஒரு படத்தை இப்போது திறனாய்வதற்குக் காரணம் உண்டு. அண்மையில் இறுதியாண்டு மாணவர்களுடன் இதனைப் பார்த்தோம். படம் முடிந்தபின் ஒரு மாணவர் எழுந்து, “ஐயா, இந்தப் படம் சொல்வது உண்மையானால், பொய்யை நம்பி வாக்களித்தவர்மீது யாதொரு குற்றமும் இல்லையா?” என்று வினவினார். உடனடியாக விடையளிக்க நம்மால் இயலவில்லை. இக்கட்டுரை அவ்வினாவிற்கு விடை தேடும் முயற்சியாகும்.

படத்தின் பொருளைச் சுருங்கக் கூறுவோம். இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த கேம்பிரிட்ஜ் அனலிடிக்கா என்னும் நிறுவனம் தேர்தல் ஆலோசனையை வாணிபமாக நடத்தியது. 2014-ஆம் ஆண்டில், அலெக்சாண்டர் கோகன் என்னும் பல்கலைக்கழக ஆய்வாளர் பேஸ்புக்கில் அமைத்த ஆளுமை வினாப்பட்டியல் ஒன்றின் மூலம் திரட்டப்பட்ட தகவல்கள் இந்நிறுவனத்தின் கைக்குச் சென்றன. வினாப்பட்டியலை ஏற்றவர் ஏறக்குறைய 2,70,000 பேர். ஆனால் அவர்களுடைய நண்பர்களின் விவரங்களும் உடன் எடுக்கப்பட்டமையால், பாதிக்கப்பட்டோர் 8 கோடியே 70 லட்சம் வரை இருக்கலாம் எனப் பேஸ்புக் நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. 2016-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் டொனால்டு டிரம்ப் அவர்களின் பரப்புரைக்கு இந்நிறுவனம் பணிசெய்தது. 2018 மார்ச்சில் இச்செய்தி வெளிப்பட்டது. மே மாதத்தில் நிறுவனம் தன் கதவுகளை மூடிக்கொண்டது.

படத்தின் சிறந்த பகுதியை முதலில் போற்றுதல் முறையாகும். நியூயார்க்கில் கல்லூரி ஆசிரியராகிய டேவிட் கரோல், “என்னைக் குறித்து நீங்கள் திரட்டி வைத்திருப்பவை யாவை?” என்று அந்நிறுவனத்தைக் கேட்கின்றார். தகவல்கள் பிரிட்டனில் கையாளப்பட்டமையால் பிரிட்டிஷ் சட்டம் அவருக்கு அவ்வுரிமையை அளித்தது. கிடைத்ததோ அரைகுறையான விவரம் மட்டுமே. எஞ்சியதைத் தரும்படி அரசின் தகவல் ஆணையர் கட்டளையிட்டும் நிறுவனம் பணியவில்லை. 2019 ஜனவரியில் 15,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டதேயன்றி, அவர் கேட்டது அவருக்குக் கிடைக்கவேயில்லை. வெற்றியில் முடியாத இந்தத் தேடலை ஆரவாரமின்றிக் காட்டியிருப்பது இயக்குநர்களின் நேர்மைக்குச் சான்று. தன்னைப் பற்றிய அறிவு தன்னிடம் இல்லாது அந்நியர் ஒருவரிடம் விலைப்பொருளாக இருப்பது எத்தகைய இழப்பு என்பதை இப்பகுதி நன்கு உணர்த்துகின்றது.

ஆயினும், படத்தின்மீது நாம் எழுப்பவேண்டிய தடைகள் மூன்று உள.

முதலாவது, விற்பனையாளரின் தற்புகழ்ச்சியைப் படம் சான்றாகக் கொள்கின்றது. 2010-ஆம் ஆண்டு டிரினிடாட் டொபேகோ நாட்டில் நடந்த தேர்தல் பற்றிய பகுதி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அங்கு ஆப்பிரிக்க வழியினரும் இந்திய வழியினரும் ஏறக்குறைய ஒத்த எண்ணிக்கையில் வாழ்கின்றனர். இந்தியர் 1845 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழிவந்தோர். பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகத்திலிருந்தும், சிலர் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பலேறியவர்கள். இளைஞரை வாக்களிக்காதிருக்கத் தூண்டும் ‘டூ சோ’ என்னும் இயக்கத்தைத் தாங்களே உருவாக்கியதாகவும், ஆப்பிரிக்க வழி இளைஞர் அதனை நம்பி வீட்டில் தங்கிவிட, இந்திய வழி இளைஞர் பெற்றோர் சொற்கேட்டு வாக்களித்ததால் தேர்தல் முடிவே மாறியதாகவும் நிறுவனத்தார் பெருமை பேசுகின்றனர். படம் அதனை அப்படியே ஏற்று நகர்ந்துவிடுகின்றது.

உண்மை நிலை என்ன? 2007-ஆம் ஆண்டுத் தேர்தலில் எதிர்க்கட்சிகள் இரண்டாகப் பிரிந்து நின்றன. இரண்டும் சேர்ந்து பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றும், ஆளுங்கட்சியே 41 இடங்களில் 26 இடங்களைக் கைப்பற்றியது. 2010-இல் அவை கூட்டணியாக இணைந்து, கம்லா பெர்சாத் பிசேசர் தலைமையில் 29 இடங்களை வென்றன. நாட்டின் மொத்த வாக்குப்பதிவு குறையவில்லை. முந்திய தேர்தலைவிட உயர்ந்தே இருந்தது. ஆகவே அம்முடிவை விளக்குவதற்கு எதிரணியின் ஒற்றுமையும், ஆட்சியின்மீது மக்கள் கொண்ட வெறுப்புமே பெரிதும் போதுமானவை. இந்த எளிய கணக்கைப் பார்த்திருந்தால், மந்திரவாதியின் கோலைக் கண்டு படம் இத்துணை மருண்டிருக்காது.

அமெரிக்காவிலும் இதே குறை உண்டு. 2016-இல் டிரம்ப் அவர்களுக்கு முன் இந்நிறுவனத்தை அமர்த்தியவர் டெட் குரூஸ். அவரோ தம் கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே டிரம்ப் அவர்களிடம் தோற்றார். மேலும், பிரிட்டனின் தகவல் ஆணையர் தம் நீண்ட விசாரணையின் முடிவை 2020 அக்டோபரில் வெளியிட்டபோது, நிறுவனம் கையாண்ட முறைகளுள் பெரும்பாலானவை எவரும் பெறக்கூடிய பொதுவான முறைகளே என்றும், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதற்கான 2016-ஆம் ஆண்டு வாக்கெடுப்பில், ஒரு கட்சியுடன் நடந்த தொடக்கநிலை விசாரிப்புகளுக்கு அப்பால், நிறுவனத்திற்குப் பங்கு இருந்ததாகத் தெரியவில்லை என்றும் அறிவித்தார். இவ்வறிக்கை படத்திற்குப் பின் வந்தது என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும், நிலைநாட்டப்படாத ஒன்றை நிலைநாட்டப்பட்டதுபோல் காட்டியது படத்தின் பிழையே.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. தற்புகழ்ச்சி வெற்றானது என்பதால் நோக்கம் தூயதாகிவிடாது. கிணற்றில் நஞ்சிட்டவன் போதிய அளவு நஞ்சிடவில்லை என்பது அவனுக்குத் தற்காப்பு ஆகாது. ஒரு நாட்டின் இளைஞரை இன அடிப்படையில் கூறுபோட்டு, ஒரு சாராரின் வாக்கைச் சோம்பலாலும் வெறுப்பாலும் அவித்துவிடத் திட்டமிட்டதைப் பெருமையாகப் பேசி, அதனைப் பிற நாடுகளுக்கும் விற்க முன்வந்தார்கள் என்பதே போதிய குற்றமாகும்.

இரண்டாவது தடை, படத்தின் தலைப்பிலேயே உள்ளது. பூட்டை உடைத்து உட்புகும் ஊடுருவல் என்னும் பொருளை அத்தலைப்புத் தருகின்றது. ஆனால் பூட்டு எதுவும் உடைக்கப்படவில்லை. ஒருவர் இசைந்தால் அவருடைய நண்பர்களின் விவரங்களையும் வெளியார் எடுத்துக்கொள்ள அக்காலத்தில் பேஸ்புக்கின் விதிகளே இடங்கொடுத்தன. எடுத்ததைப் பிறருக்குக் கொடுத்ததே விதிமீறல். மேலும், டிரம்ப் அவர்களின் சான் அந்தோனியோ அலுவலகத்தில் பேஸ்புக் ஊழியரே அமர்ந்து விளம்பரங்களுக்கு உதவினர். எதிரணியினருக்கும் அவ்வுதவி அளிக்க முன்வந்தபோது அவர்கள் வேண்டாம் என்றனர். இது திருட்டன்று, பட்டப்பகலில் சட்டப்படி நடந்த வாணிபம். இன்றும் உலகெங்கும் நடைபெறுவது இவ்வாணிபமே. 2019-இல் அமெரிக்க அரசு விதித்த 500 கோடி டாலர் அபராதமும் இதனை நிறுத்தவில்லை. திருடனைக் காட்டுவதில் முனைந்த படம் கடைக்காரரைப் போதிய அளவு காட்டவில்லை.

மூன்றாவது தடை, பிரிட்டனி கைசர் என்னும் பெண்மணியைப் படம் நடத்தும் முறை பற்றியது. 2008-இல் ஒபாமா அவர்களின் பரப்புரையில் பணிசெய்து, பின்னர் இந்நிறுவனத்தில் உயர்பொறுப்பு வகித்து, இறுதியில் அதற்கெதிராகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னவர் இவர். படத்தின் பெரும்பகுதி இவர் பின்னே செல்கின்றது. இவருடைய சாட்சியம் பயனுள்ளதே. குடும்பத்தின் பணநெருக்கடி பற்றி இவர் கூறுவதும் மனத்தைத் தொடுகின்றது. ஆயினும் பிறர் குற்றத்தை வெளிப்படுத்துவதும், தன் குற்றத்திற்காக மனந்திரும்புவதும் ஒன்றல்ல. மனந்திரும்புதல் தன்னால் தீங்குற்றவரின் முகத்தைத் தேடிச்செல்லும். டிரினிடாட்டின் இளைஞர் ஒருவரையாவது இவர் எதிரில் அமர்த்தியிருந்தால் படம் வேறொன்றாகியிருக்கும்.

இனி, மாணவரின் வினாவிற்கு வருவோம். படம் காட்டும் வாக்காளர் வெறும் களிமண். எந்திரம் வனைந்தபடி வளைபவர். இக்காட்சி நமக்கு ஒருவகையில் இனிமையானது, ஏனெனில் அது நம்மைக் குற்றத்திலிருந்து விடுவிக்கின்றது. ஆனால் டிரினிடாட்டில் கட்சிகள் இனவாரியாகப் பிரிந்து நிற்பது பேஸ்புக் தோன்றுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே இருந்த நிலை. எந்திரம் புண்ணை உண்டாக்கவில்லை. இருந்த புண்ணைக் கண்டுபிடித்து அதில் விரலை வைத்தது. நம்மிடம் முன்பே வெறுப்பு இல்லையெனில், அதனை விற்போருக்கு நம்மிடம் சந்தையும் இராது.

நம் நாட்டைப் பற்றிய ஒரு கணக்கு இங்கு நினைவுகூரத்தக்கது. கோகனின் வினாப்பட்டியலை இந்தியாவில் ஏற்றவர் 335 பேர் மட்டுமே. அவர்களால் விவரம் வெளிப்பட்டிருக்கக்கூடியவர் ஏறக்குறைய 5,62,000 பேர் எனப் பேஸ்புக் தெரிவித்தது. (இது தொடர்பாக 2021 ஜனவரியில் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிவு செய்தது.) அந்த 335 பேரும் தீயவரல்லர், பொழுதுபோக்காக ஒரு பொத்தானை அழுத்தியவர்கள். எனினும் தமக்கு உரிமையில்லாத ஒன்றை, அதாவது அயலாரின் அந்தரங்கத்தை, கேளாமலே கொடுத்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை மெய்யா பொய்யா என்று பாராமல் பிறருக்கு அனுப்பும் நாமும் இதனையே செய்கின்றோம். 2018-இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்குமேல் அனுப்பவியலாதபடி அந்நிறுவனம் வரம்பு கட்டியது. நம் விரலுக்கு அந்நியர் ஒருவர் கடிவாளமிட நேர்ந்தது நமக்குப் பெருமையன்று.

ஆகவே அம்மாணவருக்கு நாம் கூறும் விடை இது: ஏமாற்றியவரின் குற்றம் பெரிது, அதற்குச் சட்டமும் தண்டனையும் வேண்டும். ஆனால் ஏமாந்தவர், தாம் விரும்பியதையே கேட்டதால் ஏமாந்தாராயின், அவரும் கணக்குக் கொடுக்கவேண்டியவரே. கணக்குக் கேட்கப்படுவது இழிவன்று. களிமண்ணிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை, மனிதரிடமே கேட்பர்.

இப்படத்தை ஆசிரியரும் மாணவரும் காணவேண்டும் என்றே பரிந்துரைப்போம். கண்டபின் கேம்பிரிட்ஜ் அனலிடிக்காவைச் சபிப்பதோடு எழுந்துவிடாமல், கடந்த தேர்தலின்போது நாம் பிறருக்கு அனுப்பிய செய்திகளை ஒருமுறை திறந்து படிப்போமாக. கரோல் கேட்டும் பெறாத விவரத்துள் ஒரு பகுதி நம்மைப் பொறுத்தவரை அங்கேயே கிடைக்கும்.