முன்பே தெரிந்த பயம்: நம் பேய்ப்பட மரபுகளும் மீறிய புகழும்

மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்ட தலைப்பு கொஞ்சம் வம்பானது. பேர்பெற்ற பேய்ப் படங்களில் எவை தகுதிக்கு மீறிக் கொண்டாடப்பட்டவை என்ற வாதம் நம் சங்கத்தில் என்றும் ஓய்ந்ததில்லை. அதை அச்சில் ஏற்றினால் யாராவது ஒருவர் மனம் வருந்தத்தான் செய்வார். ஆனாலும் மூத்தவர்கள் இட்ட பணியைத் தட்ட முடியாது. உறுப்பினர்களுக்காகவே எழுதப்படும் கட்டுரை என்பதால், எது எதன் தழுவல், யார் யாரிடம் உதவியாளராக இருந்தார் என்ற வரலாற்றை எல்லாம் விட்டுவிடுகிறேன். எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நம் மூத்தவர்கள் ஓர் அளவுகோல் வைத்திருந்தார்கள்: அஞ்ச வேண்டியது எது என்பது திரையில் இருப்பவருக்குத் தெரியும் முன்பே பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத ஒன்று திடீரென்று முகத்துக்கு நேரே வந்து நின்றால் உடம்பு தூக்கிப்போடும், அவ்வளவுதான். அது பயம் ஆகாது. இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் நம் பட்டியலில் பல பெயர்கள் இடம் மாறும்.

நான் சார்ந்த பாணி வீணை பாலசந்தர் பாணி என்பதை மறைக்கத் தேவையில்லை. ‘அந்த நாள்’ (1954) படத்தில் பாட்டு இல்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லி அவரைப் பாராட்டி முடித்துவிடுகிறோம். அவருடைய உண்மையான பாடம் ‘பொம்மை’யில் (1964) இருக்கிறது. ஒருவரைக் கொல்வதற்காக ஒரு பொம்மைக்குள் குண்டை வைக்கிறார்கள். அந்தப் பொம்மை சேர வேண்டிய இடத்துக்குச் சேராமல் கைமாறிக் கைமாறிப் போகிறது. உள்ளே இருப்பது நமக்குத் தெரியும், கையில் வைத்திருப்பவருக்குத் தெரியாது. பொம்மையை ஒருவர் மடியில் வைத்துக்கொள்கிறார், இன்னொருவர் ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறார். இந்த அன்றாடக் காரியங்கள் ஒவ்வொன்றும் நம்மை நாற்காலி நுனிக்குத் தள்ளுகின்றன. பேயே இல்லாத படம்தான். ஆனாலும் பேய்ப் படம் எடுக்க வருகிறவர் முதலில் பயில வேண்டிய படம் இதுவே என்று நம் மூத்தவர்கள் சொல்லிவந்ததில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. படத்துக்கு இசையும் அவரே. மீட்டிய தந்தியின் ஒலி முழுதாக அடங்கும்வரை காத்திருக்கத் தெரிந்த வித்வான் அவர். எந்த இடத்தில் இசை கூடாது என்பது அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்று தெரியும். ‘அந்த நா’ளில் கொன்றவர் யார் என்பதைக் கடைசிவரை மறைத்துத்தானே வைத்தார்? ‘நடு இரவில்’ (1970) படத்திலும் அப்படித்தானே? உண்மை. அவை துப்புத் துலக்கும் படங்கள். அவற்றின் உயிர் ஆவலில் இருக்கிறது. யார் செய்தது என்ற ஆவல் வேறு, இதோ நடக்கப்போகிறதே என்ற நடுக்கம் வேறு. பாலசந்தர் இரண்டையும் தனித்தனியாக வைத்தார். அடுத்து வந்த பலர் இரண்டையும் குழப்பினார்கள். அந்தக் குழப்பத்தில் பிறந்த மீறிய புகழுக்கு முதல் உதாரணமாக நான் ‘யார் நீ?’ (1966) படத்தைச் சொல்வேன். வேதாவின் இசையில் ‘நானே வருவேன்’ பாட்டு அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. பாட்டு ஒலிக்கும்வரை மயிர்க்கூச்செறிகிறது. கடைசியில் எல்லாம் மனிதர் செய்த சூழ்ச்சி என்று அவிழ்ந்தபின், இரண்டாம் முறை பார்த்தால் அந்த வெள்ளைப் புடவையும் மூடுபனியும் நாடகத் தட்டிகளாகிவிடுகின்றன. பாட்டுக்கு உரிய புகழைப் படத்தின் கணக்கில் எழுதிவைத்திருக்கிறோம்.

இதற்கு மாறாக வின்சென்ட் பரம்பரையைப் பாருங்கள். ‘மஹல்’ (1949), ‘மதுமதி’ (1958) ஆகியவற்றின் வழியில் ஸ்ரீதர் எடுத்த ‘நெஞ்சம் மறப்பதில்லை’யில் (1963) ஒளிப்பதிவு செய்த வின்சென்ட், அடுத்த ஆண்டே தம் முதல் இயக்கமாக ‘பார்கவி நிலைய’த்தை மலையாளத்தில் தந்தார். கதையும் திரைக்கதையும் பஷீருடையவை. ஓர் எழுத்தாளர் பாழடைந்த வீட்டுக்குக் குடிவருகிறார். கிணற்றில் விழுந்து செத்தவள் அங்கே உலவுகிறாள் என்பது ஊருக்கே தெரியும். சீக்கிரமே நமக்கும் அவருக்கும் தெரிந்துவிடுகிறது. மறைக்க எதுவும் மிச்சமில்லை. மது நடித்த அந்த எழுத்தாளர் கண்ணுக்குத் தெரியாத பார்கவியிடம், வீட்டுச் சொந்தக்காரியிடம் பேசுவதுபோல மரியாதையாக, கொஞ்சம் செல்லமாகத் தனியே பேசிக்கொண்டே இருக்கிறார். பதில் வராது. அந்தப் பதில் வராத இடத்தைத்தான் வின்சென்ட் ஒளியாலும் நிழலாலும் நிரப்பினார். வாசல், மாடிப்படி, கிணற்றடி என்று வீடு முழுவதும் நமக்குப் பழகிப்போகிறது. அதனால்தான் எந்தத் திறந்த கதவும் நம்மை அசைக்கிறது. தெரிந்தே நடுங்குவதற்கு இதைவிட நல்ல பாடம் தென்னாட்டுத் திரையில் இல்லை. பேயை நேரே காட்டிய இயக்குநர் பேபியின் வரிசை, மலையாள ‘லிசா’வில் (1978) தொடங்கி நம் ‘பதிமூணாம் நம்பர் வீடு’ (1990) வரை, தனி வகை. அதற்கு உரிய ரசிகர்கள் உண்டு, அது மிகையான புகழை என்றும் கோரியதில்லை. எனவே அதை இங்கே விட்டுவிடலாம்.

பழிவாங்கும் பேய், அதற்கொரு முன்கதை, கடைசியில் நியாயம் என்ற வாய்பாடு இன்று அலுத்துவிட்டது என்று சொன்னால், அதுதானே நம் மண்ணின் மரபு, பழையனூர் நீலி அப்படித்தானே வந்தாள் என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் நீலி கதை என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தான் பழிவாங்க வந்த வணிகனைக் காட்டி, இவர் என் கணவர் என்று அவள் வேளாளர் சபையில் முறையிடும்போது, கதை கேட்பவருக்கு அவள் யார் என்று தெரியும்; வணிகனுக்கும் தெரியும்; தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த எழுபது பேருக்குத் தெரியாது. அவர்கள் நல்லவர்கள், நியாயமாகத்தான் பேசுகிறார்கள். இவனுக்கு ஒன்று நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்கிறார்கள். அந்த வாக்கு அவர்கள் வாயிலிருந்து வெளிவரும் நொடியில் கேட்பவருக்கு வயிறு பிசைகிறது. நீலி இன்னும் யாரையும் தொடக்கூட இல்லை. பழி என்பது கதைக்கான காரணம். பயம் பிறப்பது அந்தத் திண்ணைப் பேச்சில். இன்றைய வாய்பாடு பழியை எடுத்துக்கொண்டு சபையை விட்டுவிட்டது.

இனி ‘சந்திரமுகி’ (2005). சாந்தி தியேட்டரில் எண்ணூறு நாட்களுக்கு மேல் ஓடிய படத்தை மீறிய புகழ் பெற்றது என்று சொல்ல நீ யார் என்று கேட்கக்கூடும். மக்கள் எதைக் கொண்டாடினார்களோ அது கொண்டாடத் தக்கதே: ரஜினியின் வேகம், ஜோதிகாவின் கண்கள், வடிவேலுவின் நடுக்கம். வடிவேலுவின் நகைச்சுவை பயத்திலிருந்தே பிறக்கிறது என்பதால் அது படத்துக்கு உதவியே செய்கிறது. என் வழக்கு, அதைத் தமிழின் தலைசிறந்த பேய்ப் படம் என்று வரிசையின் முதலில் வைப்பதோடுதான். அதன் எலும்புக்கூடு மது முட்டம் எழுதி ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993). அதில் ஓர் இடம்: மனைவியின் நோய் இன்னது என்று மருத்துவ நண்பர் கணவனுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டார். வெளியே கிளம்பி நிற்கும் அவளைப் போக வேண்டாம் என்று கணவன் தடுக்கிறான். அவனுக்குத் தெரியும், நமக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. சாதாரண வீட்டுச் சச்சரவுபோலத் தொடங்கும் பேச்சில் ஷோபனா நடித்த அந்த மனைவியின் குரல் மெல்ல மெல்ல அவளுடையதாக இல்லாமல் போகிறது. கட்டிலைத் தூக்கும்போது நாம் வியப்பதில்லை, வந்துவிட்டதே என்று கலங்குகிறோம். இந்தக் காட்சி ‘சந்திரமுகி’யிலும் இருக்கிறது, அங்கும் அதுவே உச்சம். ஆனால் அதைச் சுற்றிச் சேர்த்தவை என்ன? காரணமும் முடிவும் இல்லாமல் ஊர்ந்துவந்து போகும் பெரிய பாம்பு ஒன்று, கதாநாயகனுக்கான சண்டைகள், அரண்மனையை அரண்மனையாக உணரவிடாத வெளிச்சம். பத்மநாபபுரம் அரண்மனையின் மர இருட்டும் பூட்டிய தெற்குக் கட்டான தெக்கினியும் மூலப் படத்தில் செய்த வேலையை இங்கே எதுவும் செய்யவில்லை. மூலத்தின் நல்ல பெயர் தழுவலுக்கு வட்டியோடு போய்ச் சேர்ந்திருக்கிறது.

அப்படியானால் திடீர் ஒலியே கூடாதா, பெரியவர்கள் அதைச் செய்யவே இல்லையா என்றும் கேட்பார்கள். செய்திருக்கிறார்கள். வால் லூட்டன் தயாரித்து ஜாக் டூர்னர் இயக்கிய ‘கேட் பீப்பிள்’ (1942) படத்தில் இரவுச் சாலையில் ஒரு பெண் நடக்கிறாள், பின்னால் இன்னொருத்தி. இரண்டு ஜோடிக் குதிகால் சத்தம் கேட்கிறது. ஒரு கட்டத்தில் பின்னால் வந்த சத்தம் நின்றுவிடுகிறது. முன்னே போகிறவள் திரும்பிப் பார்க்கிறாள், ஓடத் தொடங்குகிறாள், அப்போது சட்டத்துக்குள் சீறிக்கொண்டு வந்து நிற்கிறது ஒரு பேருந்து. உலகமே திகைத்த இடம். ஆனால் அங்கே நம்மை நடுங்கவைத்தது நின்றுபோன காலடிச் சத்தம்; பின்னால் வந்தவள் யார், அவள் எதுவாக மாறக்கூடியவள் என்பது நமக்குத் தெரியும். பேருந்து அந்த நடுக்கத்தை வெளியே விட்டது, அவ்வளவே. காலடிகளை விட்டுவிட்டுப் பேருந்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கிடைப்பதுதான் இன்றைய ஜம்ப் ஸ்கேர்.

இதைப் பற்றிக் கொஞ்சம் மனம்விட்டே எழுத வேண்டியிருக்கிறது. இன்று இத்துறையில் உழைக்கும் யாரையும் பெயர் சொல்லிக் குறைகூற எனக்கு விருப்பமில்லை. அவர்களில் திறமைசாலிகள் உண்டு, வணிக நெருக்கடிகளும் உண்டு. ஆனாலும் எண்களைப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் தொடர்ப் படங்களைப் பார்க்கும்போது, ஆர்.ஆர். என்னும் பின்னணி இசை என்பதே அடி என்று பொருள்பட்டுவிட்டதோ என்று தோன்றுகிறது. கண்ணாடி திரும்பினால் ஓர் அடி. பூனை தாவினால் ஓர் அடி. மாமியார் மருமகளின் தோளைத் தொட்டாலும் அதே அடி. முன்பெல்லாம் தியேட்டரில் குழந்தைகள் கண்ணை மூடிக்கொள்ளும். இப்போது காதைப் பொத்திக்கொள்கின்றன. இந்த ஒரு மாற்றமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. படத்தில் பேய் வரும் முன் ஒலி வருகிறது, ஒலி வந்தபின் பேய்க்கு வேலை இல்லை. தொலைக்காட்சித் தொடர்களில் ஒரே முகத்தை மூன்று முறை வெட்டிக் காட்டி மூன்று முறை அடிக்கும் வழக்கம் திரைக்கு வந்ததா, திரையிலிருந்து அங்கே போனதா என்று பிரித்தறிய முடியவில்லை. குறும்பட இளைஞர்களும் கதையை யோசிக்கும் முன் ஒலித் தொகுப்பைத் தேடுகிறார்கள். நிசப்தம் என்றால் கருவி பழுதாகிவிட்டது என்று ஆபரேட்டருக்கு ஆள் அனுப்பும் பார்வையாளர்களை நாம்தான் வளர்த்துவிட்டோம். ஒரு வீட்டின் இரவு எப்படி ஒலிக்கும், ஓட்டின்மேல் காற்று, எங்கோ சொட்டும் குழாய், அடுத்த அறையில் யாரோ புரண்டு படுப்பது என்பதையெல்லாம் கேட்கவே தெரியாத ஒரு தலைமுறை உருவானால், அதற்குப் பேய்ப் படம் மட்டும் அல்ல, எந்தப் படத்தையும் எடுக்க முடியாமல் போகும். ‘பொம்மை’யை இன்று ஒருவர் எடுத்தால் குண்டு வெடிப்பதற்கு முன்பே நாற்பது முறை வெடித்திருக்கும்.

நல்ல வாரிசுகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. அறிவழகனின் ‘ஈரம்’ (2009) நீரையே பேயாக்கியது. கதவிடுக்கில் ஈரம் கசிந்தால் யாருக்கோ நேரம் நெருங்கிவிட்டது என்று நமக்குத் தெரிந்துவிடும். முன்கதையில் சற்றுத் தொய்ந்தாலும் பரம்பரை தெரிந்து எடுத்த படம். மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) பழியையே தூக்கி எறிந்த துணிச்சலுக்காக நிற்கும். ‘பீட்சா’வைப் (2012) பற்றி நம் இளைய உறுப்பினர்களோடு எனக்கு வேறுபாடு உண்டு. டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பங்களா இரவு அருமையாக எடுக்கப்பட்டது. ஆனால் நமக்கு ஒளித்து வைத்ததில்தான் படத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. துப்புப் படமாகக் கொண்டாடலாம், பேய்ப் படமாகக் கொண்டாடுவது மிகை.

இத்தனை புகழுக்கு நடுவே உரிய புகழ் கிடைக்காமல் நிற்பது விக்ரம் குமாரின் ‘யாவரும் நலம்’ (2009). இருட்டு மாளிகை இல்லை, புதிய அடுக்குமாடி வீடு. நள்ளிரவு இல்லை, பகல் ஒரு மணி. வீட்டுப் பெண்கள் சாப்பாடு முடித்துத் தொலைக்காட்சித் தொடரின் முன் உட்காருகிறார்கள். தொடரில் நடப்பதுதான் பிறகு அந்த வீட்டிலும் நடக்கிறது என்பது மாதவனுக்கும் நமக்கும் மட்டும் தெரியும். சோபாவில் சிரித்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாது. கையில் பொம்மையோடு இருந்தவருக்கும், தீர்ப்புச் சொன்ன எழுபது பேருக்கும் தெரியாததைப் போலவே. பி.சி. ஸ்ரீராம் அந்த மத்தியான வெயிலை ஜன்னல் வழியாக முழுதாக உள்ளே விட்டுவைத்தார், ஒளித்துக்கொள்ள ஒரு மூலையும் இல்லாதபடி. மணி ஒன்று ஆகப்போகிறது என்ற எண்ணமே போதும், ஓசை எதுவும் தேவையில்லை. அடுத்த ஆண்டுத் திரையிடல் வரிசையில் ‘சந்திரமுகி’க்கு ஒதுக்க நினைத்திருக்கும் நாளை, செயற்குழுவினர் மனது வைத்தால், இந்தப் படத்துக்கும் ‘பொம்மை’க்கும் சேர்த்துக் கொடுக்கலாம். இரண்டையும் ஒரே மாலையில், ஒலியளவை ஏற்றாமல் காட்ட வேண்டும் என்பது மட்டுமே என் விண்ணப்பம்.