டிரசரும் கட்டண முகப்பும்: ஒரு மறுவாசிப்பு

மலேசியத் தமிழ்ப் புனைகதைகளில் தோட்டத்து டிரசர் ஓயாது வந்து போகும் பாத்திரம். முழுத் தகுதி பெற்ற மருத்துவர் அல்லர். எந்நோய்க்கும் ஒரே கலவை மருந்தை ஊற்றித் தருபவராகக் காட்டப்படுபவர். நம் திறனாய்வாளர்கள் அவரை அலட்சியத்தின் உருவமாகக் கண்டு, 'தோட்டப்புற அவலம்' என்னும் தலைப்பில் அடக்கிவிடுகின்றனர். இவ்வாசிப்பு போதுமானதன்று.

டிரசர் தோட்ட நிருவாகத்தின் ஊழியர். ஒருவனுக்கு என்ன நோய் என்பதைவிட, அவன் அன்று பெரட்டுக்கு நிற்க இயலுமா என்பதையே அவர் தீர்மானித்தார். அவனது உடல் முன்னரே சோதனைக்கு உள்ளானது. பினாங்கின் ஜெரஜாக் தீவும் சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவும் அதற்குச் சான்று. உழைக்க இயலாதவனைத் தாயகத்துக்கே கப்பலேற்றுவதும் உண்டு.

இவ்வமைப்பு தோட்டங்களோடு மறையவில்லை. அயல்நாட்டுத் தொழிலாளி வேலை உரிமத்துக்காகக் கட்டாய மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுகிறான். தேறாதவன் திருப்பி அனுப்பப்படுகிறான். பரிசோதனை கட்டாயம், சிகிச்சையோ கையிலுள்ள பணத்தைப் பொறுத்தது. அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்டாக இருந்த புறநோயாளர் கட்டணம், 2014ஆம் ஆண்டுக் கட்டண ஆணைக்குப்பின் வெளிநாட்டவர்க்கு 40 ரிங்கிட்டாக உயர்ந்தது. 2011இல் கட்டாயமாக்கப்பட்ட காப்புறுதித் திட்டம் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே உரியது. சாதாரணக் காய்ச்சலுக்கு உதவாது. ஆவணமற்றோர் நிலை இன்னும் கடிது. சிகிச்சைக்கு வரும் ஆவணமற்ற குடியேறிகளைப் பற்றி அதிகாரிகளுக்கு அறிவிக்குமாறு சுகாதார அமைச்சின் 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பணித்தது. நோய் முற்றும்வரை மருத்துவமனைப் பக்கம் வராதிருப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு என்றாயிற்று.

இது பிறர் கதை என நாம் ஒதுங்கவும் இயலாது. தோட்டத்திலே பிறந்தும் பிறப்புப் பதிவில்லாமையால் நாடற்றோராக நிற்கும் நம்மவரும் அதே வெளிநாட்டவர் கட்டணத்தை எதிர்கொள்கின்றனர். கட்டண ஆணை எந்த இனத்தையும் பெயர்சொல்லிக் குறிப்பதில்லை. ஆயினும் ஆவணமின்மை தோட்டப்புறத் தமிழரிடையே தலைமுறைகளாகத் தங்கிவிட்டமையால், தாளைப் பற்றிய விதி நடைமுறையில் இனத்தைப் பற்றியதாகவும் ஆகிறது. நம் ஆய்வுகள் டிரசரின் குணக்கேட்டில் நின்றுவிட்டதால் இத்தொடர்ச்சியைக் காணத் தவறின. (குணக்கேட்டை எழுதுவது எளிது, கட்டண ஆணையைக் கதையாக்குவது கடினம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.)

டிரசர் பாத்திரங்களை ஆராயும் இளங்கலை மாணவி ஒருவர் அண்மையில் வினவினார்: "நம் தாத்தா காய்ச்சலோடு கிடந்த அதே லயத்தில் இன்று வங்காளதேசத்தவர் கிடக்கிறார். அவர் ஏன் நம் கதைகளில் நோயாளியாக வருவதில்லை, ஐயா?" நான் படித்தவரையில் அவர் வழிப்போக்கராகவோ, அச்சுறுத்தும் அந்நியராகவோ வருகிறார், நோயாளியாக வந்த கதையொன்றை என்னால் உடனே கூற இயலவில்லை. அவ்வினாவையே ஆய்வேட்டின் இறுதி இயலாக அமைக்கும்படி அவரிடம் கூறியிருக்கிறேன்.