ஜன்னல் சீட்டு

மைசூர் அரண்மனையையும் பந்திப்பூர் காட்டையும் ஒரே பயணத்தில் காட்டும் சொகுசு ரயில் ‘கோல்டன் சாரியட்’. அழகான ரயில்தான். ஆனால் அரண்மனை, காடு, ரயில் மூன்றும் சேர்ந்த சுகத்தை எனக்குப் பழக்கியது தாம்பரம் லோக்கல்.

1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பாதை இது. சென்னை பீச் நிலையத்தில் ஏறி, இடம் கிடைத்தால் ஜன்னலோரம். கம்பியில் கை வைத்தால் வெயிலின் சூடு இன்னும் ஒட்டியிருக்கும். எதிரே ஒரு அக்கா மடியில் மல்லிகையைக் கொட்டி, கண் பூவில் இல்லாமலே தொடுத்துக்கொண்டிருப்பார். வண்டி குலுங்கும், முடிச்சு பிசகாது.

கிண்டியில் ஆளுநர் மாளிகை இருக்கிறது. அந்த வளாகத்திலிருந்து பிரித்த நிலம்தான் கிண்டி தேசியப் பூங்கா. நகரத்துக்கு நடுவே வெளிமான் மேய்கிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. திரிசூலத்தில் தலைக்கு மேலே விமானம் இறங்கும். பெட்டியிலுள்ள குழந்தைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்வார்கள்.

தாம்பரம், பெருங்களத்தூர் தாண்டினால் வண்டலூர். 1855இல் தொடங்கிய சென்னை மிருகக்காட்சி சாலை, 1985 முதல் இங்கேதான், சுமார் 600 ஹெக்டேரில். செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை.

2025 முதல் செங்கல்பட்டு வரை ஏசி லோக்கலும் ஓடுகிறது. குளிர்ச்சிதான். ஆனால் பல்லாவரம் தாண்டியதும் முகத்தில் அடிக்கும் அந்தக் காற்றுக்காக நான் இன்னும் பழைய வண்டிக்கே காத்திருக்கிறேன்.