விடைக்கு உரை வேண்டும்

நெகிரி செம்பிலான் தோட்டப்புற இளைஞர் சிலர் அரசாங்க வேலைத் தேர்வுக்குப் படிக்கும் நடப்புச் செய்தி வினாவிடை நூல்களை நோக்கினால், பெயரும் ஆண்டும் மலிந்திருக்கக் காண்கிறோம். காரணம் காண்பது அரிது.

“முதற் பேரரசர் யார்?” “நெகிரி செம்பிலான் துவாங்கு அப்துல் ரஹ்மான், 1957.” விடை சரியே. ஆயின், மலாய் ஆட்சியாளர் ஒன்பதின்மர் தம்முள் ஒருவரை ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுக்கும் முறையையும், இம்மாநில அரசரைச் சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜொகோல், ரெம்பாவ் உண்டாங்குகள் நால்வர் தேர்ந்தெடுக்கும் மரபையும் அறியாதார்க்கு அது வெறும் ஓசையே.

“தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்த ஆண்டு?” “1960.” துன் சம்பந்தன் அதனை ஏன் தொடங்கினார்? தோட்டத் துண்டாடலால் வேலையும் வீடும் இழந்தோர் துயரே காரணம். இதனை நூலினும் நன்றாக உரைக்கவல்ல பாட்டனார் பல இல்லங்களில் உளர். அவரிடம் கேட்பாரில்லை.

குறுவினாவுக்கு மனனம் போதும் என்பர். போதும்; ஆனால் கட்டுரையும் நேர்முகமும் காரணத்தையன்றோ கேட்கின்றன? அங்கே நம் பிள்ளைகள் வாயடைத்து நின்றால், தோட்டத்துக்கும் அரசாங்க நாற்காலிக்கும் உள்ள தொலைவு குறையாது.

நூற்பாவை ஒப்பித்து உரையை மறந்தவனைத் தமிழாசிரியர் புலவனென ஒப்புவதில்லை. நாளேட்டுச் செய்தியையும் அவ்வாறே, “ஏன்?” என்று வினவிப் படிக்கப் பழக்குதல் அவர்தம் கடன்.